ஓட்டத்தை எழுதுறது ரூல் புக்: அமெரிக்க காலேஜ் பொண்ணுங்களோட கிரவுண்ட் கணக்கு

போன அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா பொண்ணுகிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ். "சித்தி, நேத்து மேட்ச்ல மிட்ஃபீல்டர்ஸ்ல நான்தான் கம்மியா ஓடினேனாம், டேப்லெட்ல காட்டுறாங்க, அதுக்கு இன்னிக்கு எக்ஸ்ட்ரா ஓடச் சொல்லிட்டாங்க." அழுகைக்கும் கோவத்துக்கும் நடுவுல ஒரு குரல். அவ அமெரிக்காவுல ஒரு காலேஜ் டீம்ல சாக்கர் ஆடுறா, அதாவது நம்ம ஃபுட்பால், அங்க ஃபுட்பால்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மோதிக்கிறது. அவளுக்கு வந்த நம்பர் 6.9 கிலோமீட்டர், கூட ஆடுற இன்னொரு மிட்ஃபீல்டருக்கு 9.6. பாத்தா கம்மிதான். எத்தனை நிமிஷம் ஆடினேன்னு கேட்டேன். 58 நிமிஷமாம். அந்தப் பொண்ணு முழு 90. ஃபோன்லயே கால்குலேட்டர எடுத்து வகுத்துப் பாத்தேன், இவ நிமிஷத்துக்கு 119 மீட்டர், அந்தப் பொண்ணு 107. யார் அதிகமா ஓடினது இப்போ சொல்லுங்க.

இந்த ஒரு மெசேஜ்தான் என்னை இந்த விஷயத்துக்குள்ள இழுத்து விட்டுச்சு. காலேஜ் லெவல்ல பொண்ணுங்க ஆடுற சாக்கர், லக்ராஸ், ஃபீல்ட் ஹாக்கி மூணையும் கொஞ்ச நாளா தோண்டிக்கிட்டு இருக்கேன், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ஒரு பொண்ணு எவ்ளோ ஓடுறாங்கிறது அவ கால்ல பாதிதான் இருக்கு, மிச்ச பாதி ரூல் புக்ல இருக்கு. யார் எப்போ வெளிய போலாம், போனா திரும்ப உள்ள வரலாமா, விசில் அடிச்சா நிக்கணுமா நகரலாமா, வாரத்துக்கு எத்தனை மேட்ச், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த கிலோமீட்டர் நம்பரை எழுதுது.

முதல்ல அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம். ஜெர்சிக்கு உள்ள இறுக்கமா ஒரு சின்ன வெஸ்ட் போட்டிருப்பாங்க, முதுகுல ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல ஒரு பாக்கெட், அதுக்குள்ள ஒரு கையடக்க கருவி. ஆஸ்திரேலியாவோட கேடபல்ட், வட அயர்லாந்தோட ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் ரெண்டும் இதுல பெரிய கம்பெனிங்க. ஜிபிஎஸ் வச்சு பெரும்பாலும் வினாடிக்கு 10 தடவை ஆள் எங்க இருக்காங்கன்னு குறிச்சுக்கும், கூடவே உடம்பு எவ்ளோ குலுங்குதுன்னு பாக்குற சென்சாரும் இருக்கும். மேட்ச் முடிஞ்சதும் கருவிகளை வரிசையா ஒரு பெட்டில சொருகி வச்சா எல்லா கணக்கும் லேப்டாப்புக்கு இறங்கிடும். மொத்த தூரம், வேகமா ஓடின தூரம், எத்தனை தடவை சட்டுனு கிளம்பினா, எத்தனை தடவை பிரேக் போட்டா, எல்லாம். இவ்ளோ இருந்தும் எல்லாரும் முதல்ல பாக்குறது மொத்த கிலோமீட்டரைத்தான், ஏன்னா அதுதான் ஈஸியா புரியுது, வீட்டுக்கு ஃபோன் பண்ணி பெருமையா சொல்லவும் அதுதான் வசதி.

சாக்கர்ல முழு நேரம் ஆடுற காலேஜ் பொண்ணு சுமாரா 9, 10 கிலோமீட்டர் ஓடுவா. நடுவுல ஆடுறவங்களுக்குத்தான் தூரம் அதிகம், கோலுக்கு முன்னாடி நின்னு காக்குற சென்டர் பேக்குக்கு கம்மி, ஓரத்துல ஆடுறவங்களுக்கும் ஃபார்வர்டுக்கும் முழு வேகத்துல பாயுற ஓட்டம் ஜாஸ்தி. இதுவரைக்கும் உலகம் பூரா இருக்குற சாக்கர் மாதிரிதான். வித்தியாசம் சப்ஸ்டிட்யூஷன்ல ஆரம்பிக்குது. ஃபிஃபா ரூல்ல 5 பேரை மாத்தலாம், வெளிய போனவ போனவதான். அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டையெல்லாம் நடத்துற என்சிஏஏ ரூல் வேற. முதல் பாதில வெளிய போனா அந்தப் பாதில திரும்ப வர முடியாது, ஆனா ரெண்டாவது பாதில வரலாம், ரெண்டாவது பாதில வெளிய போனாலும் ஒரு தடவை திரும்ப உள்ள வரலாம். இதனால என்ன ஆகுதுன்னா கோச் ஒரு பொண்ணை 28வது நிமிஷத்துல இழுத்து உக்கார வச்சுட்டு, இன்டர்வெல் முடிஞ்சு புதுசா இறக்கி விடலாம். ஆடுற 28 நிமிஷமும் மிச்சம் வைக்காம ஓடுன்னு சொல்லலாம். எங்க வீட்டுப் பொண்ணு கதை அதேதான்.

இதை ஆயுதமாவே ஆக்கினவரு நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோட ஆன்சன் டோரன்ஸ். பொண்ணுங்களுக்கு என்சிஏஏ சாக்கர் பட்டம் ஆரம்பிச்சதே 1982ல, அதுலேர்ந்து 2012க்குள்ள 21 பட்டம் அவரோட டீமுக்கு. மேல போய் எதிர் டீமை மூச்சு விடாம நெருக்குற ஆட்டம், நம்மாளுங்க களைச்சுட்டா பெஞ்ச்லேர்ந்து புதுக் கால்கள் கொத்தா உள்ள போகும், எதிர்ல பழைய கால்தான் நின்னுக்கிட்டு இருக்கும். 2024 ஆகஸ்ட்ல அவரு ரிட்டையர் ஆனாரு. இந்த மாதிரி சிஸ்டத்துல ஆடின பொண்ணோட மொத்த தூரத்தை, 90 நிமிஷமும் அளந்து அளந்து ஓடுற புரொஃபஷனல் பிளேயரோட தூரத்துக்குப் பக்கத்துல வச்சு "இவ ஃபிட்னஸ் பத்தல"ன்னு சொல்றது ஆட்டோ மீட்டரையும் பஸ் டிக்கெட்டையும் கம்பேர் பண்ற மாதிரி. ஆனா மறுபக்கமும் இருக்கு, இப்படியே நாலு வருஷம் துண்டு துண்டா ஆடிட்டு புரோ லீகுக்கு போறவங்களுக்கு முழு 90 நிமிஷத்தை தாங்குறது தனியா பழகிக்க வேண்டிய விஷயம்தான்.

சராசரின்னு சொல்றதுலயும் ஒரு ஏமாத்து வேலை இருக்கு. நிமிஷத்துக்கு 107 மீட்டர்னா அது வேகமான நடைக்கு கொஞ்சம் மேல, யாரு வேணா ஓடலாம்னு தோணும். ஆனா அந்த 90 நிமிஷத்துல பந்து வெளிய போனது, அடிபட்டு ஒருத்தி படுத்திருந்தது, கோல் கிக்குக்காக நின்னதுன்னு எல்லாமே கலந்துருக்கு. ரொம்ப கஷ்டமான அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்தா சராசரிய விட ஒன்றரை மடங்குக்கு மேல இருக்கும். மேட்சே அந்த மாதிரி நிமிஷங்கள்லதான் கைமாறுது. ப்ராக்டிஸை சராசரிக்கு செட் பண்ணி வச்சா பொண்ணுங்க அந்த நிமிஷத்துல செத்துப் போவாங்க.

அடுத்தது காலண்டர். எனக்கு ரொம்ப எரிச்சலான பகுதி இது. சாக்கர் சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு டிசம்பர் முதல் வாரத்துல முடிஞ்சுடும். ஆகஸ்ட் ஆரம்பத்துல பொண்ணுங்க கேம்பஸுக்கு வந்து சேர்றாங்க, சுமார் ரெண்டு வாரம் வெயில்ல ப்ராக்டிஸ், உடனே மேட்ச். அப்புறம் பெரும்பாலான வாரம் ரெண்டு மேட்ச். வியாழக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் 1 மணிக்கு இன்னொண்ணு, நடுவுல 66 மணி நேரம். கடுமையான ஒரு மேட்சுக்கு அப்புறம் தசை பழைய நிலைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகும், சில பேருக்கு அதுக்கும் மேல. அந்த 66 மணி நேரத்துக்குள்ளதான் எங்க பொண்ணை வெள்ளிக்கிழமை எக்ஸ்ட்ரா ஓட விட்டாங்க, அதுவும் தப்பா படிச்ச ஒரு நம்பருக்காக. இதுல வெள்ளிக்கிழமை காலைல கெமிஸ்ட்ரி லேப் வேற.

என்சிஏஏ ரூல்படி சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் ப்ராக்டிஸ், மேட்ச் எல்லாம், ஒரு நாள் லீவு கட்டாயம். மேட்ச் நாள் எவ்ளோ நேரம் ஆனாலும் 3 மணி நேரம்னுதான் கணக்கு. பயண நேரம் கணக்குலயே வராது. முன்னாடி இது பெருசா தெரியல, 2024ல காலேஜ் கான்ஃபரன்ஸ், அதாவது காலேஜுங்க சேர்ந்து ஆடுற லீக், எல்லாத்தையும் கலைச்சுப் போட்டதுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல இருக்குற ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கடலோரத்தைப் பேர்லயே வச்சிருக்குற ஏசிசில ஆடுது, அதே கலிஃபோர்னியாவோட யுசிஎல்ஏ, மத்திய மேற்கு மாநிலங்கள்ல பிறந்த பிக் டென் கான்ஃபரன்ஸ்ல. அமெரிக்கன் ஃபுட்பால் டிவி காசுக்காக எடுத்த முடிவு, பின்னாடியே சாக்கர் பொண்ணுங்களும் ஃபீல்ட் ஹாக்கி பொண்ணுங்களும் ஃப்ளைட்ல மூணு மணி நேர டைம் வித்தியாசத்தைத் தாண்டிப் போய் ஆடிட்டு, திங்கக்கிழமை கிளாஸுக்கு உக்காரணும். டேப்லெட்ல இந்த தூரம் வராது.

ஒரு நல்லதும் நடந்துச்சு. முன்னாடி சீசன் மேட்ச் டிரா ஆனா பத்து பத்து நிமிஷமா ரெண்டு ஓவர்டைம், முதல்ல கோல் போட்டவங்க ஜெயிச்சாங்க. 2022லேர்ந்து சீசன் மேட்ச்ல ஓவர்டைமே கிடையாது, டிரான்னா டிரா. ஒரே ரூல் மாத்தம், வியாழக்கிழமை ராத்திரி 20 நிமிஷம் வரைக்குமான ஓட்டம் காணாம போச்சு. யாரோட கால்லயும் எதுவும் மாறல.

வேகத்துக்கு வருவோம். "ஹை ஸ்பீடு ரன்னிங்", "ஸ்பிரிண்ட்"னு ரிப்போர்ட்ல வரும். எவ்ளோ வேகத்துக்கு மேல போனா ஸ்பிரிண்ட்னு யாராவது ஒரு கோடு கிழிக்கணுமில்லையா, ஆம்பளைங்க சாக்கர்ல வழக்கமா கிழிச்ச கோடு மணிக்கு 19.8 கிலோமீட்டர் ஹை ஸ்பீடு, 25.2 ஸ்பிரிண்ட். அதை அப்படியே பொண்ணுங்களுக்கும் வச்சுட்டாங்க ரொம்ப நாள். ஒரு காலேஜ் பொண்ணோட உச்ச வேகம் 27னு வைங்க, 25.2ங்கிறது அவ உச்சத்துல 93 சதவீதம். உச்ச வேகம் 33 இருக்குற ஒரு பையனுக்கு அதே 25.2 வெறும் 76 சதவீதம். அவன் முக்கா வேகத்துல போனாலே ஸ்பிரிண்ட்னு எழுதிப்பாங்க, இவ உயிரைக் கொடுத்து ஓடினாத்தான் எழுதுவாங்க. அப்புறம் ரிப்போர்ட்ட பாத்துட்டு "பொண்ணுங்க மேட்ச்ல ஸ்பிரிண்டே இல்ல"ன்னு கட்டுரை வேற எழுதுவாங்க. 2019 பொண்ணுங்க உலகக் கோப்பை ரிப்போர்ட்ல ஃபிஃபா 19, 23ன்னு தனிக் கோடு போட்டுச்சு. அந்த 27 பொண்ணுக்கு 23ங்கிறது 85 சதவீதம், ஓரளவு நியாயம். இப்பல்லாம் நல்லா நடத்துற காலேஜ்ல ஒவ்வொருத்தியோட உச்ச வேகத்துல இத்தனை சதவீதம்னு தனித்தனியா வச்சுக்கிறாங்க.

இந்த மூணு விளையாட்டுல ரூல் எப்படி ஓட்டத்தை எழுதுதுன்னு பளிச்சுனு தெரியுறது லக்ராஸ்லதான். நம்ம ஊர்ல பாத்தவங்க கம்மி, நுனில வலை கட்டின ஒரு குச்சி, அதுல ரப்பர் பந்தைத் தாங்கிக்கிட்டு ஓடி கோல்ல வீசணும், பக்கத்துக்கு 12 பேர், குறைஞ்சது 110 கஜ நீளமான மைதானம். 2018க்கு முன்னாடி பொண்ணுங்க லக்ராஸ்ல ஒரு ரூல் இருந்துச்சு, ரெஃப்ரி விசில் அடிச்சா எல்லாரும் இருக்குற இடத்துல அப்படியே நிக்கணும். சின்னப் புள்ளைங்க 'ஸ்டாச்சூ' விளையாடுவோமே, அதே. ஒரு காலைத் தூக்கினபடியே ஒருத்தி உறைஞ்சு நிப்பா. எதிராளியோட இடத்துக்கு ரெண்டு அடி நகர்ந்தாக்கூட தப்பு. ஆம்பளைங்க லக்ராஸ்ல இப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு விசிலும் பத்துப் பதினைஞ்சு வினாடி ஓசி ரெஸ்ட், அதுவும் எல்லாருக்கும்.

2018ல அந்த ரூலைத் தூக்கிட்டாங்க. விசில் அடிச்சாலும் நகரலாம். அதுக்கு முந்தின வருஷம் 2017ல, 90 வினாடிக்குள்ள கோலுக்கு வீசியே ஆகணும்கிற ஷாட் கிளாக் வேற வந்திருந்துச்சு, அதுக்கு முன்னாடி லீட்ல இருக்குற டீம் பந்தை வச்சுக்கிட்டு நிமிஷக் கணக்குல சுத்தி சுத்தி நேரத்தைக் கடத்தும், ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கிக்கும். ஒரு ரூல் போய் இன்னொரு ரூல் வந்ததும் அந்த ஓசி ரெஸ்ட் எல்லாம் போச்சு. 2022 சீசன்லேர்ந்து ரெண்டு 30 நிமிஷ பாதியை நாலு 15 நிமிஷ குவார்ட்டரா ஆக்கினாங்க, பறிச்ச ரெஸ்ட்ல கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. மொத்த நேரம் என்னவோ அன்னிக்கும் இன்னிக்கும் அதே 60 நிமிஷம்தான்.

லக்ராஸ்ல இன்னொரு கோடு இருக்கு, ரிஸ்ட்ரெயினிங் லைன்னு பேரு. தாக்குற டீம்ல 7 பேர்தான் அந்தக் கோட்டைத் தாண்டலாம், மீதி பேர் பின்னாடியே நிக்கணும். அதனால அட்டாக்கர் ஒரு பக்கம், டிஃபெண்டர் ஒரு பக்கம், ரெண்டு பக்கமும் ஓடித் தேயுறது மிட்ஃபீல்டர் மட்டும்தான். ரிப்போர்ட்ல மிட்ஃபீல்டர் நம்பர் உச்சில நிக்கும். டிஃபெண்டர் நம்பர் பாவமா இருக்கும், ஆனா அவ வேலைய பக்கத்துலேர்ந்து பாத்திருக்கேன், கோலுக்கு முன்னாடி வளைவுல ரெண்டு அடி இடது, ஒரு அடி பின்னாடி, சட்டுனு முன்னாடி பாய்ஞ்சு குச்சியால மறிச்சு, திரும்ப ரெண்டு அடி பின்னாடி. ஒரு தடவைகூட மணிக்கு 19 கிலோமீட்டரைத் தொட மாட்டா, ஆனா ஷாட் கிளாக் முடிஞ்சு பந்து போனதும் முட்டில கைய ஊன்றிக் குனிஞ்சு நிப்பா, வேர்வை மூக்கு நுனிலேர்ந்து சொட்டும். ஜிபிஎஸ்ஸைப் பொறுத்தவரைக்கும் அவ சும்மா நின்னுக்கிட்டு இருந்தா.

இப்படி பொண்ணுங்க ஆட்டத்துல மட்டும் 'நில்லு'ன்னு சொல்ற ரூலுக்குப் பெரிய பரம்பரை இருக்கு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல பொண்ணுங்க 800 மீட்டர் ஓடினாங்க, ஓடி முடிச்சு களைச்சு உக்காந்ததை பேப்பர்காரங்க ஏதோ பொணம் விழுந்த மாதிரி எழுத, அந்தப் பந்தயத்தையே தூக்கிட்டாங்க, திரும்ப வந்தது 1960 ரோம்ல. அமெரிக்காவுல பொண்ணுங்க பாஸ்கெட்பால்ல ஆறு பேர், மூணு பேர் ஒரு பாதில, மூணு பேர் மறு பாதில, நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது, முழு கோர்ட் ஓடினா உடம்பு தாங்காதாம். காலேஜ்ல அது 1971ல போச்சு, ஐயோவா மாநில ஸ்கூல்கள்ல 1993 வரைக்கும் இருந்துச்சு. நான் படிச்ச ஸ்கூல்ல மட்டும் என்ன வாழ்ந்துச்சு, பசங்களுக்கு ஃபுட்பால் கிரவுண்ட், எங்களுக்கு த்ரோபாலும் ரிங் டென்னிஸும். 1972ல டைட்டில் 9 சட்டம் வந்து, அரசாங்க காசு வாங்குற எந்தப் படிப்பு இடத்துலயும் ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் காலேஜ்ல பொண்ணுங்க டீம் இந்த அளவுக்குப் பெருகுச்சு.

ஃபீல்ட் ஹாக்கி நமக்குத் தெரிஞ்ச ஹாக்கிதான், ஆனா அமெரிக்க காலேஜ்ல அது கிட்டத்தட்ட பொண்ணுங்க விளையாட்டு, என்சிஏஏல ஆம்பளைங்களுக்கு அந்தப் பட்டமே கிடையாது. இங்கயும் அதே கதை. எதிர் கோலுக்குப் பக்கத்துல முன்னாடியே போய் நிக்கக் கூடாதுங்கிற ஆஃப்சைட் ரூல் 1990கள்ல போச்சு, ஆட்டம் மைதானம் பூரா விரிஞ்சுது. 2009ல செல்ஃப் பாஸ் வந்துச்சு, எதிராளி ஃபவுல் பண்ணினா இவ தானே பந்தைத் தட்டிக்கிட்டு ஓடலாம், ஆட்டம் நிக்கிறது குறைஞ்சுது. என்சிஏஏல 2019ல 35 நிமிஷப் பாதிகளை நாலு 15 நிமிஷ குவார்ட்டரா மாத்தினாங்க, 70 நிமிஷம் 60 ஆச்சு. கம்மி ஓட்டம்னு நினைச்சா தப்பு, ஆளை எத்தனை தடவை வேணா மாத்தலாம், அதனால அஞ்சாறு நிமிஷம் முழு மூச்சா ஓடிட்டு வெளிய வந்து தண்ணி குடிச்சுட்டு திரும்ப உள்ள. ஒரு மிட்ஃபீல்டர் 45 நிமிஷம் ஆடி நிமிஷத்துக்கு 120 மீட்டர் போனாள்னா மொத்தம் 5.4 கிலோமீட்டர். சாக்கர் பொண்ணோட 9.6க்குப் பக்கத்துல பாதி மாதிரி தெரியும். போதாததுக்கு இந்த ஓட்டம் முழுக்க இடுப்பை மடிச்சு குனிஞ்சு, குச்சிய தரைல வச்சபடி. வீட்ல விளக்குமாத்தை வச்சுக்கிட்டு குனிஞ்சு அம்பது மீட்டர் ஓடிப் பாருங்க, தெரியும்.

சரி, இவ்ளோ ஓட்டம் உடம்புல எங்க போய் உக்காருது? முட்டில. 1989லேர்ந்து 1993 வரைக்குமான என்சிஏஏ காயக் கணக்கை வச்சு 1995ல ஒரு ஆய்வு வந்துச்சு, முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல் ஜவ்வு கிழியுறது சாக்கர்ல பொண்ணுங்களுக்கு பசங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. அதுல நிறைய யாரும் மோதாமலே நடக்குறது, முழு வேகத்துல வந்து பிரேக் போட்டு திரும்புற அந்த அரை வினாடில. கிலோமீட்டர் கணக்குல அந்த அரை வினாடிக்கு மதிப்பே இல்ல. அதான் விவரம் தெரிஞ்ச டிரெய்னருங்க தூரத்தை விட்டுட்டு பிரேக் எண்ணிக்கையப் பாக்குறாங்க, ஜிம்ல குதிச்சு இறங்குறதையும் நிக்கிறதையும் கத்துக் கொடுக்குறாங்க. இன்னொண்ணு சாப்பாடு. ஓட்டத்துக்கு ஈடா சாப்பிடலேன்னா மாதவிடாய் நின்னு போறது, இரும்புச் சத்து இறங்குறது, எலும்புல மெல்லிசா விரிசல் விடுறதுன்னு வரிசையா வரும், இதுக்கு ஒலிம்பிக் கமிட்டி 2014ல ரெட்-எஸ்னு பேரு வச்சுது. "கம்மியா ஓடின"ன்னு திட்டு வாங்கின பொண்ணு அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணுவா? சோத்தைக் குறைப்பா. எங்க பொண்ணும் அதைத்தான் பண்ணினா, அக்காகிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு. சொல்லிட்டேன்.

ஃபிட்னஸ் டெஸ்டும் இந்த குழப்பத்துல சேர்த்தி. சாக்கர் பொண்ணுங்க நடுவுல '120'ன்னு சொன்னா போதும், முகம் மாறும். 120 கஜத்தை சுமாரா 18 வினாடில ஓடணும், 30 வினாடில திரும்ப வரணும், 30 வினாடி ரெஸ்ட், இப்படி 10 தடவை. காலேஜுக்கு காலேஜ் வினாடி மாறும். கணக்கு போட்டா மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். நேர்க்கோட்டுல, பந்து இல்லாம, பிரேக் போடாம. நம்ம கிரிக்கெட் செய்தில அடிக்கடி அடிபடுற யோ-யோ டெஸ்ட்லயாவது திரும்பி வர்றது இருக்கு. 120 மனசுக்கு நல்ல டெஸ்டுன்னு கோச்சுங்க சொல்வாங்க, இருக்கலாம், லக்ராஸ் டிஃபெண்டருக்கு அது எதை அளக்குதுன்னுதான் எனக்குப் புரியல.

நவம்பர்ல ஒரு ஃபீல்ட் ஹாக்கி மேட்சுக்கு அக்கா பொண்ணோட போயிருந்தேன், அவ ரூம்மேட் ஆடினா. 60 நிமிஷம் முடிஞ்சு டிரா, ஓவர்டைம். ஹாக்கி ஓவர்டைம்ல 11 பேர் கிடையாது, பக்கத்துக்கு 7 பேர், முழு மைதானம், 10 நிமிஷம், முதல் கோல் போட்டா முடிஞ்சுது. வழக்கமான ஆட்டத்துல கோலியை விட்டுட்டு 20 பேருக்கு இருக்குற இடத்தை 12 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 251 சதுர மீட்டர்லேர்ந்து 419 ஆகிடுது, சாக்கர்லகூட 357தான். ஏற்கனவே ஒரு மணி நேரம் ஓடின கால்களுக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு, குளிர்ல. ரூம்மேட் ஒரு பந்தைத் துரத்தி கோட்டுக்கிட்ட விட்டுட்டு, திரும்பி மறுபக்கம் மைதானம் பூரா ஓடி வந்தா. கோல் விழுந்துடுச்சு அதுக்குள்ள. குச்சிய ஊன்றிக்கிட்டு நின்னவளோட முதுகுல அந்தக் கருவியோட பச்சை லைட் மட்டும் மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல இருந்தவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "சித்தி, நாளைக்கு இவளுக்கும் நம்பர் காட்டுவாங்க"ன்னா.